பாட்டியும் பெரிய லென்ஸும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருக்கும். உண்ட களைப்பில் வீடே கண்ணயர்ந்திருந்த சமயத்தில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மாடி வீட்டுப் பெண். ஒரு கையில் டெலிபோன். இன்னொரு கையில் காமிராப் பை. புடவைக் கடையில் இரண்டு புடவைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டவர்கள் முகத்தில் ஒரு தவிப்புத் தெரியுமே, அந்தத் தவிப்பு அவள் முகத்தில்.

"அக்கா, இன்று ராத்திரி பன்னிரண்டு மணியோடு தள்ளுபடி முடிந்துவிடுகிறது. வாங்கட்டுமா, வேண்டாமா? சட்டென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றாள்.

விஷயம் இதுதான். போன தீபாவளிக்கு அவள் கணவர் ஒரு காமிரா வாங்கிக் கொடுத்தார். பெட்டிக்குள்ளேயே வந்த 18-55 மி.மீ. லென்ஸ் ஒன்றும் அதில் இருக்கிறது. படங்கள் என்னவோ அவள் எதிர்பார்த்தபடி வரவில்லை. குழந்தை எப்போது பார்த்தாலும் கலங்கலாக விழுகிறாள். "காமிராவில் ஒன்றுமில்லை, எல்லாம் லென்ஸில்தான் இருக்கிறது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சமயம் பார்த்துச் சீட்டுப் பணம் 40,000 ரூபாய் கைக்கு வந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, மாதம் 2,000 வீதம் இருபது மாதம் கட்டிய சொந்தப் பணம். டெலிபோனைத் திறந்தால் 70-300 மி.மீ. லென்ஸ் ஒன்று, 35,000 ரூபாய்க்கு, "இன்றே கடைசி!" என்று கண் சிமிட்டுகிறது. கூடையில் போட்டாகிவிட்டது. பணம் கட்டுவதுதான் பாக்கி.

"சட்டென்று சொல்வதானால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மெதுவாகச் சொல்ல விட்டால் வேண்டும் என்று சொன்னாலும் சொல்லலாம். உள்ளே வந்து உட்கார், காப்பி போடுகிறேன்" என்றேன்.

காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இருக்கிற லென்ஸால் எடுக்க முடியாமல் போன படம் எது? ஒன்றைச் சொல்லேன்."

அவள் யோசித்தாள். "எல்லாந்தான்" என்றாள். பிறகு, "தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் எடுக்கலாமே!" என்றாள்.

இந்தப் பதிலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். சொன்னது நானேதான்.

வெட்கத்தை விட்டு அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதல் காமிரா வந்த புதிதில் எங்கள் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் சதாபிஷேகம் வந்தது. ஊரே கூடும் விசேஷத்துக்கு இந்தச் சின்ன லென்ஸ் போதுமா என்ற கவலை எனக்கு. விசேஷத்துக்கு நான்கு நாள் முன்னால் ஒரு கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் 70-300 லென்ஸை எடுத்துக் காமிராவில் மாட்டி என் கையில் கொடுத்தார். எதிர்ச் சாரியில் இருந்த ஓட்டலின் பலகையில் இட்லி என்ன விலை என்பது கூடத் தெரிந்தது! அவ்வளவுதான், மயங்கிப் போனேன். இட்லி விலையை நூறு அடி தள்ளி நின்று படிக்க வேண்டிய அவசியம் எனக்கு என்ன வந்தது என்று அப்போது தோன்றவில்லை.

கல்யாண மண்டபத்தில்தான் விஷயம் விளங்கிற்று. நம் போன்றவர்கள் முதலில் வாங்கும் பெரும்பாலான காமிராக்களில் படம் விழும் சென்சார் சுமார் 23.5 மி.மீ. அகலம். அதில் 70 மி.மீ. லென்ஸை மாட்டிப் பத்தடி தள்ளி நின்றால், படத்தில் அடங்கும் அகலம் மூன்றேகால் அடியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பாட்டி அடங்கினால் தாத்தா அடங்கவில்லை. தாத்தாவைச் சேர்த்தால் பாட்டியின் பாதிதான் மிச்சம். பின்னால் நகரலாம் என்றால் சமையற்கட்டு வாசலில் போய் முட்டிக்கொண்டேன். போதாக்குறைக்கு மண்டபத்தில் வெளிச்சமும் கிடையாது. 200, 300 என்று நீளமாக இழுக்க இழுக்க, கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெருகித் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் முக்கால்வாசிப் படங்கள் தண்ணீருக்குள் எடுத்தவை போல் இருந்தன.

அதற்கு மறு வருஷம் பாட்டி போய்விட்டாள். மாட்டி வைக்க ஒரு நல்ல படம் தேடினோம். கிடைத்தது ஒன்று. விசேஷத்துக்கு முதல் நாள், பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது, பெட்டியோடு வந்த சின்ன லென்ஸில் விளையாட்டாக எடுத்தது.

இதைச் சொன்னதும் மாடி வீட்டுப் பெண் டெலிபோனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். "அப்படியானால் நான் எதைத்தான் வாங்குவது?" என்று கேட்டாள்.

அதை அவளுடைய படங்களே சொல்லும். ஒவ்வொரு படத்தோடும் காமிரா ஒரு சின்னக் குறிப்பையும் எழுதி வைக்கிறது. எத்தனை மி.மீ.யில் எடுத்தது, துவாரம் எவ்வளவு திறந்திருந்தது, ஷட்டர் எத்தனை நேரம் திறந்து மூடியது என்பதெல்லாம் அதில் உண்டு. கம்ப்யூட்டரில் படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தால் தெரியும். நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பால்காரர் கணக்கு மாதிரிக் கோடு கிழிக்க ஆரம்பித்தோம். மொத்தம் 240 படங்கள். அவற்றில் 28-க்கும் 40-க்கும் இடையே எடுத்தவை 163. லென்ஸின் கடைசி எல்லையான 55-ல் போய் நின்றவை பதினொன்றே பதினொன்று. அத்தனையும் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரே சாயங்காலம் எடுத்தவை. வருஷத்துக்கு ஒரு சாயங்காலத்துக்காகவா 35,000 ரூபாய்? சென்னை போன்ற ஊர்களில் லென்ஸை நாள் வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டு விழாவுக்கு அது போதும்.

வேடந்தாங்கலுக்குப் போய்ப் பறவைகளை எடுப்பேன் என்கிற சகோதரிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு 300 கூடப் போதாமல் போகலாம். அது வேறு பசி, வேறு சாப்பாடு.

அடுத்தபடி, கலங்கிப்போன குழந்தைப் படங்களைப் பார்த்தோம். எல்லாம் சாயங்காலம், வீட்டுக்குள், குழல் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தவை. ஷட்டர் வேகம் விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் நாலு வயதுக் குழந்தை சோபாவிலிருந்து குதித்து முடித்துவிடுவாள்! அவளுக்கு வேண்டியிருந்தது வெளிச்சம். வாங்கப் போனதோ தூரம்.

லென்ஸின் மேல் எஃப் 3.5, எஃப் 5.6, எஃப் 1.8 என்று பொறித்திருப்பதெல்லாம் இந்த வெளிச்சக் கணக்குத்தான். லென்ஸின் நீளத்தைத் துவாரத்தின் குறுக்களவால் வகுத்தால் வருகிற எண் அது. ஆகவே எண் சின்னதாக ஆக, ஜன்னல் பெரிதாகும். பெட்டியோடு வரும் லென்ஸ் 35 மி.மீ.யில் நிற்கும்போது அதிகபட்சம் எஃப் 4.5 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பதினைந்தில் ஒரு பங்காக இருந்த ஷட்டர் நேரம் தொண்ணூறில் ஒரு பங்கைத் தாண்டிப் போகலாம். குதிக்கிற குழந்தை ஓரளவு நிற்பாள்.

"எஃப் 1.8 என்றால் எல்லோரும் சொல்லுகிற அந்த 50 மி.மீ. லென்ஸ்தானே? விலையும் குறைச்சல் என்கிறார்களே!" என்றாள் உற்சாகமாக. கை மறுபடியும் டெலிபோன் பக்கம் போயிற்று.

நல்ல லென்ஸ்தான், சந்தேகமில்லை. ஆனால் அவள் வீட்டுக் கூடம் பத்தடிக்குப் பத்தடி. நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்தடி தள்ளி நின்றால் 18 மி.மீ. லென்ஸில் பதின்மூன்று அடி அகலம் அடங்கும். 35-ல் ஆறே முக்கால் அடி. 50-ல் நாலே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு 50-ல் எடுத்தால் ஒரு குழந்தை அடங்குவாள். அவளும் அவள் கட்டிய பொம்மை வீடும் சேர்ந்து அடங்குவது கஷ்டம். முகம் முகமாக எடுக்கப் பிரியப்படுகிறவர்களுக்கு 50 பிரமாதம். ஃபிளாட்டில் குடியிருந்துகொண்டு வீட்டு நடப்பை எடுக்கிறவர்களுக்கு 35 தான் கைக்கு அடக்கம். அவளுடைய நோட்டுப் புத்தகமும் அதையேதான் சொல்லிற்று.

ஆனால் 35-ஐக்கூட உடனே வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம், காமிராவில் ஐ.எஸ்.ஓ. என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. அது 400-க்கு மேல் போனால் படம் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவள் அதை 400-லேயே கட்டிப் போட்டிருந்தாள். அதை 3200-க்கு ஏற்றினால் ஷட்டர் எட்டு மடங்கு வேகமாகும். காலணா செலவில்லை! படத்தில் ரவை தூவினாற்போல் கொஞ்சம் புள்ளி விழும், வாஸ்தவம். கலங்கலான குழந்தையைவிட ரவை தூவிய குழந்தை மேல் அல்லவா?

ஹோமாய் வியாரவாலாவை இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. 1913-ல் பிறந்து 2012-ல் மறைந்த அந்த அம்மாள், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். நேருவையும் சுதந்திரம் வந்த நாட்களையும் படமெடுத்தவர். 2011-ல் பத்ம விபூஷண் பெற்றார். அவர் கையாண்ட காமிராக்களில் ரோலிஃப்ளெக்ஸ் ஒன்று. அதில் லென்ஸைக் கழற்றி மாற்றவே முடியாது. கிட்டத்தில் வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும். தூரம் வேண்டுமென்றால் காலால் பின்னே நடக்க வேண்டும். புடவை கட்டிக்கொண்டு, அத்தனை ஆண் பிள்ளைகளின் கூட்டத்துக்குள் புகுந்து அவர் அதைச் செய்தார்.

வாங்குவது என்று நிச்சயமான பிறகும் ஏமாற இடமுண்டு. லென்ஸைக் காமிராவில் பூட்டும் வளையத்துக்கு மவுண்ட் என்று பெயர். கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனிக்குள்ளேயும் வேறு. நிகானின் எஃப் மவுண்ட் 1959-ல் வந்தது. கண்ணாடியில்லாத புதுக் காமிராக்களுக்காக 2018-ல் இஸட் மவுண்ட் வந்தது. கேனனில் இ.எஃப். 1987-ல், ஆர்.எஃப். 2018-ல். பழைய லென்ஸை இடையே ஓர் இணைப்பு வளையம் போட்டுப் புதுக் காமிராவில் மாட்டலாம். புது லென்ஸைப் பழைய காமிராவில் மாட்ட வழியில்லை. நிகான் டி 3500, டி 5600 போன்ற காமிராக்களை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. அவற்றின் உள்ளே ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏ.எஃப்-டி என்ற பழைய ரக லென்ஸை வாங்கினால், ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் திருகிக்கொண்டிருக்க வேண்டும். குதிக்கிற குழந்தைக்கு அது ஆகிற காரியமா?

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் டெலிபோனில் இருக்கும் டார்ச் விளக்கை ஒரு பக்கம் பிடித்து, மறு பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூசணம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம்முடைய புது லென்ஸுக்கும் அந்த ஆபத்து உண்டு, கடற்கரை ஊர் அல்லவா? தோல் பையில் போட்டு அலமாரியில் அடைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது நல்லது. அரிசிப் பானைக்குள் வைக்கலாம் என்று ஒரு யோசனை உலவுகிறது. அரிசியைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் தூள் லென்ஸுக்கு ஆகாது.

பேசிக்கொண்டே இருந்ததில் மணி ஆறாகிவிட்டது. மாடி வீட்டுப் பெண்ணுக்கு அரை மனசுதான். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஒரு மாத காலம் இருக்கிற லென்ஸையே 35-ல் நிறுத்தி, திருகும் வளையம் அசையாதபடி ஒட்டுத் துணி போட்டுவிடுவது. ஐ.எஸ்.ஓ.வை அவிழ்த்து விடுவது. எடுக்க முடியாமல் போன படத்தை எல்லாம் அந்த நோட்டுப் புத்தகத்திலேயே குறிப்பது. மாத முடிவில் அந்தப் பக்கம் நிறைந்திருந்தால் 35 எஃப் 1.8 வாங்கிக்கொள்வது.

அன்று ராத்திரி பன்னிரண்டு மணி வந்தது, போயிற்று. திங்கட்கிழமை காலையில் அவள் டெலிபோனுக்குச் செய்தி வந்ததாம்: "தங்கள் நலனை உத்தேசித்துத் தள்ளுபடி இந்த வாரம் முழுவதும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது."

வியாழக்கிழமை ஒரு படம் கொண்டுவந்து காட்டினாள். அவள் மாமியார் சமையலறை ஜன்னலடியில் முருங்கைக்கீரை ஆய்கிறார். பக்கத்தில் குழந்தை ஒரு காம்பை வாயில் வைத்துக்கொண்டு பாட்டியைப் பார்க்கிறாள். கொஞ்சம் ரவை தூவித்தான் இருக்கிறது. இரண்டு பேர் கண்ணும் பளிச்சென்று இருக்கிறது. ஒரு பிரதி எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

நோட்டுப் புத்தகத்தில் இதுவரை மூன்று வரி ஏறியிருக்கிறது. ஒட்டுத் துணியை எடுக்கும்போது வளையத்தில் பசை நின்றுவிடுமோ என்று இப்போது அவளுக்குக் கவலை. பெயிண்டர்கள் ஜன்னல் ஓரத்தில் ஒட்டுகிற காகித டேப்பைப் போட்டால் பசை நிற்காது. ஹார்டுவேர் கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.