மாதத் தவணையில் மார்பகம்

புனேயில் ஞாயிற்றுக்கிழமை பேப்பரை உதறினால், ஃப்ளாட் விற்கும் நோட்டீசுக்கு அடுத்து விழுவது அழகு கிளினிக் நோட்டீஸ்தான். மார்பகத்தைப் பெரிதாக்கும் ஆபரேஷன், வட்டியில்லாத் தவணை, அன்றே வீட்டுக்குப் போகலாம்!

'ஆம்பளைக்கு இதில் என்னய்யா பேச்சு?' என்று ஆரம்பிக்காதீர்கள். செய்துகொள்வதும் கொள்ளாததும் அந்தப் பெண்ணின் இஷ்டம். கலாசாரக் காவல் வேலை எனக்கு வேண்டாம். என் கோபமெல்லாம் அந்தத் தவணை மேல்தான். இருபது வருஷமாக பேங்கில் லோன் ஃபைல் பார்க்கிறவன் நான். தொடர்ந்து வரும் செலவை ஒருதடவைச் செலவு மாதிரி விற்றால் எரிச்சல் வராதா?

உள்ளே வைக்கும் சிலிக்கான் பை ஆயுளுக்கும் வராது. நான் சொல்லவில்லை, அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. சொல்கிறது. 2021-ல் இதைக் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகவே போட வைத்தது: வருஷம் ஏற ஏறச் சிக்கலும் ஏறும், சிலருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படும். பையைச் சுற்றி உடம்பு தழும்புத் திசுவைக் கட்டிக்கொள்ளும். சிலருக்கு அது இறுகி மார்பு கல்லாகி வலிக்கும். பை கிழிந்தால் வெளியே தெரியாமலே இருக்கலாம். அதனால்தான் 5, 6 வருஷத்தில் ஒரு எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட், அப்புறம் 2, 3 வருஷத்துக்கு ஒன்று என்கிறார்கள். 25 வயதில் வைத்துக்கொண்டால் 60-க்குள் குறைந்தது 10 ஸ்கேன். நோட்டீசில் இந்த வரி எங்கே?

மெடிக்ளெய்ம் இதற்குக் கைகொடுக்காது. அழகுக்கான ஆபரேஷன் பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது (புற்றுநோய்க்கோ விபத்துக்கோ பிறகு மார்பைச் சீரமைப்பது வேறு கதை). சாதாரண வைத்தியத்துக்கு இருக்கும் ஜி.எஸ்.டி. விலக்கும் கிடையாது, 18 சதவீதம் தனி.

எந்தக் கம்பெனிப் பை என்றும் கேளுங்கள். பிரான்ஸின் பி.ஐ.பி. கம்பெனி தொழிற்சாலைகளுக்கான சிலிக்கானை அடைத்து விற்றது 2010-ல் அம்பலமானது. அபூர்வமான ஒரு லிம்ஃபோமா புற்றுநோயோடு தொடர்பு இருப்பதால், அலர்கன் தன் சொரசொரப்பு வகைப் பைகளை 2019-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் எழுதிய அட்டையை வாங்கி, நகை ரசீதைப் போலப் பத்திரப்படுத்தவேண்டும்.

ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்களுக்கு ஒன்று. பெண் வாய் திறந்ததும் 'ச்சீ' என்று அடக்கிவிட்டால், அவளுக்கு ஆலோசனை சொல்ல மிச்சம் இருப்பது அந்த நோட்டீஸ்தான். பி.ஜி. ரூமில் தனியாகப் படுத்துக்கொண்டு தேறுகிற ஆபரேஷன் இல்லை இது. முதல் சில நாள் பக்கத்தில் ஆள் வேண்டும், சில வாரம் கனமாக எதையும் தூக்கக்கூடாது. காம்பில் உணர்ச்சி குறையலாம், பின்னால் தாய்ப்பாலும் குறையலாம். மேமோகிராம் எடுக்கப் போனால் பை இருப்பதை முதலிலேயே சொல்லியாகவேண்டும். இதையெல்லாம் வீட்டில் யாரிடமாவது பேச முடிய வேண்டாமா?

போன வாரம் நோட்டீசில் இருந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். ரேட், தவணை எல்லாம் கடகடவென்று வந்தது. "பத்து வருஷம் கழித்துப் பையை மாற்றவேண்டி வந்தால் எவ்வளவு ஆகும், எழுதித் தருவீர்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம் சார்."