ஆறு பென்சும் நூறு ஆண்டும்

"துறைமுகத் தொழிலாளிக்கு நிரந்தர வேலை எதற்கு? கப்பல் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்" என்று பேசும் பெரிய மனிதர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். இதுதான் புதுமைப் பொருளாதாரமாம்! அந்தப் புதுமையின் வயதைச் சற்றே பார்ப்போம், வாருங்கள்.

இலண்டன் துறைமுகம், 1889. தேயிலையும் சர்க்கரையும் கம்பளியும் வந்து குவிந்தன. இறக்கியவன் வயிறோ காய்ந்து கிடந்தது. காலையில் வாயிலில் கூட்டம் கூடும். கங்காணி வந்து ஆள் பொறுக்குவான். அவன் கண்ணில் படுவதற்காக ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறி முண்டுவர். சட்டை கிழியும், விலா நோகும். பொறுக்கப்பட்டவனுக்கும் ஓரிரு மணி நேர வேலையே கிட்டலாம். கூலி மணிக்கு ஐந்து பென்ஸ். மற்றவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். மாட்டுச் சந்தையிலும் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் பொறுக்குகிறார்கள். ஆனால், வாங்கிய மாட்டுக்கு அன்றிரவு வைக்கோலாவது போடுகிறார்கள்!

ஆகஸ்ட் 14-இல் வேலைநிறுத்தம் மூண்டது. கேட்டதென்ன? மணிக்கு ஆறு பென்ஸ். கூடுதல் நேரத்திற்கு எட்டு. அழைத்தால் நான்கு மணி நேரமாவது வேலை. அரண்மனையையா கேட்டார்கள்? பென் டில்லட், டாம் மன், ஜான் பர்ன்ஸ் முன்னின்றனர். பசி பணியவைக்கும் என்று கம்பெனிகள் கணக்கிட்டன. அக்கணக்கைப் பொய்யாக்கியது கடல்கடந்த ஆஸ்திரேலியா! அங்கிருந்து 30,000 பவுனுக்கு மேல் வந்தது. கார்டினல் மானிங் சமரசம் பேசினார். செப்டம்பர் நடுவில் ஆறு பென்ஸ் கோரிக்கை வென்றது.

ஒன்றை மறைக்கலாகாது: கூலி உயர்ந்ததேயன்றி, ஆள் பொறுக்கும் வாயில் மூடப்படவில்லை. 1947-இல்தான் பதிவுத் திட்டம் வந்தது; வேலையில்லா நாளிலும் வந்து நின்றவனுக்கு ஒரு தொகை உண்டென்றாயிற்று. மறு ஆண்டே, 1948-இல், இந்தியாவிலும் துறைமுகத் தொழிலாளர் வேலையை ஒழுங்குபடுத்தும் சட்டம் பிறந்தது.

பிரிட்டனின் அத்திட்டத்தைத் தாட்சர் அரசு ஒழித்த ஆண்டு எது? 1989! சரியாக நூறாண்டு கழித்து.

"பெட்டகம் வந்துவிட்டதே" என்பர். ஆம், 1956-இல் அமெரிக்காவில் ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 பெட்டகங்களுடன் புறப்பட்டது முதலாக வந்துகொண்டுதான் இருக்கிறது. வரட்டும்! பல பேர் சுமந்ததைப் பாரந்தூக்கி சுமந்தால் முதுகெலும்பு தப்பியது என்று மகிழ்வோரே நாம். ஆனால், அதை இயக்குபவனை இன்று கூப்பிடு, நாளை விரட்டு என்று எந்த இயந்திரம் சொல்லிற்று? சொன்னது இலாபமன்றோ!

1995 செப்டம்பர். லிவர்பூலில் ஏறத்தாழ 500 தொழிலாளர் மறியல் வரிசையைத் தாண்ட மறுத்தனர். மறியலில் நின்றோருள் அவர்தம் புதல்வரும் இருந்தனர். மறுத்தவரை நிர்வாகம் வேலைநீக்கம் செய்தது. 28 மாதம் போராடினர். 1997 ஜனவரியில் அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகங்களின் தொழிலாளர் அவர்களுக்காக வேலையை நிறுத்தினர். எனினும் 1998 ஜனவரியில் போராட்டம் தோல்வியில் முடிந்தது.

அடுத்த முறை அந்தப் பெரிய மனிதர் "புதுமை" என்று வாய் திறக்கும்போது, எந்த ஆண்டுப் புதுமை என்று கேளுங்கள், தோழர்களே!