நாவின் தராசு

மேனாட்டார் செந்நிற, வெண்ணிறத் திராட்சை மதுக்களைச் சுவைத்து மதிப்பிடுவதை ஒரு பெருங்கலையாகப் போற்றுவர். நிறத்தை நோக்கி, மணத்தை முகர்ந்து, ஒரு மிடறு நாவில் உருட்டி, உமிழ்ந்துவிட்டுத் தீர்ப்புக் கூறுவர். மாத்தளை மாவட்டத்தில் வாழும் நாம் இக்கலையை அறியக் கடல் கடக்க வேண்டியதில்லை. எல்கடுவ, இறத்தோட்டை மலைச்சரிவுகளில் விளையும் தேயிலைக்கும் இதே பரீட்சை உண்டு.

1883-இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில் விலை கூறப்படுமுன் சுவைஞரின் நாவே தராசாகிறது. 1980-இல் வெளியான அனைத்துலக நியமத்தின்படி, 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை. மூடிய கிண்ணத்தில் 6 நிமிடம் ஊற வேண்டும். பின்னர் சாயத்தை வடித்து, ஊறிய இலையை ஆராய்வர். அது புதுச் செப்புக்காசுபோல் ஒளிர்ந்தால் நன்று. மங்கிக் கறுத்திருந்தால் குறை. சாயத்தைக் கரண்டியால் எடுத்து ஓசையெழ உறிஞ்சுவர். வீட்டில் அவ்வாறு செய்தால் பாட்டியார் கண்டிப்பார். அங்கோ அதுவே முறை! காற்றோடு கலந்த மணம் தொண்டைவழியே மூக்கை எட்டுவதற்கே அவ்வோசை.

செந்நிற மதுவுக்கும் தேநீருக்கும் பொதுவானது துவர்ப்பு. திராட்சைத் தோலோடு ஊறுவதால் செந்நிற மதுவில் அது மிகும். தோல் நீக்கிப் புளிக்கவைக்கும் வெண்ணிற மதுவில் குறையும். துவர்ப்பை நாவின் தொடுவுணர்ச்சி என்பர் இக்கால விஞ்ஞானிகள். நம் முன்னோரோ அதை அறுசுவையுள் ஒன்றாகவே வைத்தனர்.

ஆனால் நல்ல சாயம் சுவைஞரின் மேசையில் பிறப்பதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரல்களில் பிறக்கிறது. முற்றிய இலை கலந்தாலும், கொழுந்து சாக்கில் நசுங்கிச் சூடேறினாலும் சுவை குன்றும். அவ்விரல்களுக்குரியோரின் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் மாண்டோர் பலர். 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த நினைவு நடைபயணம் அதனை நாட்டுக்கு உணர்த்தியது.

கொழுந்து கொய்யும் தாயின் பிள்ளை அச்சுவைஞரின் மேசையிலும் அமர வேண்டும் என்பதே நம் விருப்பம். மாணவர்களே, பயிற்சியை இன்றே வீட்டில் தொடங்கலாம். இருவகைத் தேயிலையை ஒரே அளவில், பாலும் சீனியும் இன்றி ஊறவைத்துப் பருகுங்கள். கண்ட வேற்றுமையைத் தமிழில் எழுதி வையுங்கள். சீனி மறைத்த குறைகளெல்லாம் அப்போது தெரியும். கொய்த கையின் அருமையும் கூடவே தெரியும்.