பழைய மதர்போர்டும் விற்பவரின் மௌனமும்



நம் பிள்ளைகளில் பலர் இன்று கணினித் துறையில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர், பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட சர்வர் மதர்போர்டுகளைக் குறைந்த விலைக்கு வாங்கி வீட்டிலேயே சிறு சர்வர் அமைத்துப் பழகுகின்றனர். வேறு சிலர் இதையே வியாபாரமாகவும் செய்கின்றனர். சென்னை ரிச்சி தெருவில் நடக்கும் இவ்வணிகம் இப்போது இணையத்திலும் பரந்து கிடக்கிறது. இவர்கள் நம்மிடம் கேட்கும் வினா இது: உற்பத்தியிலேயே குறை உண்டென்று ஊரறிந்த ஒரு போர்டை, அது தெரிந்தே வாங்கலாமா? வாங்கியதைப் பிறருக்கு விற்கலாமா?

வாங்கலாம், விற்கவும் செய்யலாம். குறையுள்ள பொருள் மார்க்கத்தில் விலக்கப்பட்ட பொருளன்று. குறையை அறிந்தவர் வாய்மூடி விற்பதே விலக்கப்பட்டது. இவ்விரண்டையும் நம் வியாபாரிகள் பலர் குழப்பிக்கொள்வதால் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு உண்மையான ஒரு போர்டையே எடுத்துக்கொள்வோம். 2013ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஆட்டம் சி2000 என்னும் செயலி வரிசையை வெளியிட்டது. அதில் சி2750 என்னும் செயலிக்கு எட்டு கோர்கள்; மின்செலவோ 20 வாட் அளவில்தான். பிழை திருத்தும் நினைவகத்தையும் அது ஏற்கும். ஆகவே சூப்பர்மைக்ரோ, ஏஎஸ்ராக் ரேக் போன்றவை இவ்வரிசையை வைத்துச் சிறிய சர்வர் போர்டுகள் செய்தன. சினாலஜியின் சேமிப்புப் பெட்டிகளிலும் சிஸ்கோவின் வலையமைப்புக் கருவிகளிலும் இவ்வரிசைச் செயலிகள் இடம்பெற்றன.

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதன் குறை வெளிப்பட்டது. செயலியிலிருந்து வெளியே செல்லும் ஒரு கடிகாரத் துடிப்பு, பயன்பாட்டில் நாள்பட நலிந்து நின்றுவிடக்கூடும். நின்றுவிட்டால் அந்தக் கணினி அதன்பின் பூட் ஆகாது. இன்டெல் தன் ஆவணத்தில் இதற்கு ஏவிஆர்54 என்று எண்ணிட்டது. ஏறத்தாழ 18 மாதப் பயன்பாட்டிற்குப் பின் பழுதாகும் வாய்ப்புக் கூடுகிறது என்று சிஸ்கோ தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. ஆனால் அந்த உதிரிப்பாகத்தை வழங்கியவர் யாரென்பதை அவ்வறிவிப்பில் சொல்லவில்லை. சினாலஜி தன் உத்தரவாதத்தை ஓராண்டு நீட்டித்தது. இன்டெல் பின்னர் குறை நீக்கிய சி0 பதிப்பை வெளியிட்டது.

செயலி போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது. கழற்றி மாற்ற இயலாது. கைத்திறன் உள்ளவர்கள் சில ரூபாய் விலையுள்ள ஒரு ரெசிஸ்டரை உரிய இடத்தில் சால்டர் செய்து, நின்றுபோன போர்டையும் எழுப்பிவிடுகிறார்கள். அது நலிந்த துடிப்புக்குக் கொடுக்கப்படும் ஊன்றுகோல். உள்ளே தேய்ந்தது தேய்ந்ததுதான்.

உற்பத்தியாளர்களின் மாற்றுத் திட்டங்கள் பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கானவை. அவை முடிந்த பிறகே இப்போர்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. அங்கு வாங்குபவருக்குப் பின்னால் எந்த நிறுவனமும் நிற்பதில்லை. விற்பவரின் நா ஒன்றே அவருக்குள்ள பாதுகாப்பு.

நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸ் மதரஸாவில் ஓதும் பிள்ளைக்கும் தெரியும். இங்கே அதைவிட நெருக்கமாகப் பொருந்தும் வேறொரு நிகழ்ச்சியை இமாம் அஹ்மத் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். ஒருவர் ஓர் ஒட்டகத்தை வாங்கிச் செல்கிறார். நபித்தோழர் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரழி) அவரைப் பின்தொடர்ந்து விரைந்து சென்று, இதை இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்துக்காகவா என்று வினவுகிறார்கள். ஹஜ்ஜுப் பயணத்துக்கு என்கிறார் அவர். அப்படியாயின் இதன் குளம்பில் ஓட்டை உண்டு என்று அறிவிக்கிறார்கள் வாஸிலா (ரழி). என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என்று விற்றவர் குறைபட்டுக்கொண்டபோது, குறையைச் சொல்லாமல் விற்பது ஆகாது, அதை அறிந்த மற்றவரும் சொல்லாதிருப்பது ஆகாது என்று நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதை எடுத்துரைத்தார்கள்.

ஒட்டகத்தின் குளம்பை மதர்போர்டின் கடிகாரத்தோடு ஒப்பிடுவதா என்று நம் இளைஞர்கள் புன்னகைக்கக்கூடும். வாஸிலா (ரழி) அவர்கள் முதலில் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். இறைச்சிக்கா, பயணத்துக்கா? அறுக்கப்படும் ஒட்டகத்துக்குக் குளம்பின் ஓட்டை ஒரு பொருட்டன்று. நெடுந்தூரம் நடக்கவேண்டிய ஒட்டகத்துக்கு அதுவே எல்லாம். சி2000 போர்டும் இத்தகையதே. லினக்ஸ் பழகவும் பிரித்துப் பூட்டிப் பார்க்கவும் ஒரு மாணவர் வாங்கினால், அது நாளை நின்றாலும் அவருக்கு இழப்பு சிறிது. ரெசிஸ்டர் வைக்கக் கற்றுக்கொள்வது கூட ஒரு பாடமாகலாம். அதே போர்டை ஒரு மருந்துக்கடைக்காரர் தம் கணக்குகளை இரவும் பகலும் வைத்திருக்க வாங்கினால், அவர் ஓட்டைக் குளம்போடு ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறார். எதற்காக வாங்குகிறீர்கள் என்ற ஒரு கேள்வியை நம் வியாபாரிகள் கேட்கத் தொடங்கினாலே பாதிப் பிணக்குகள் எழா என்பது நம் துணிபு.

பெட்டிமேல் "உள்ளது உள்ளபடி, திரும்பப் பெறமாட்டோம்" என்று எழுதிவிட்டோமே, இனி நமக்கென்ன பொறுப்பு என்கிறார்கள் சிலர். இதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பில்லை என்று நிபந்தனையிட்டு விற்பதை ஹனஃபி மத்ஹப் செல்லுபடியாக்குகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்திலோ, விற்பவர் அறியாத, உயிர்ப்பிராணியின் உள்ளே மறைந்துள்ள குறைக்கு மட்டுமே அந்நிபந்தனை பயன்படும். எந்த மத்ஹபாயினும், தெரிந்ததை மறைத்த பாவத்தை அந்த எழுத்து துடைத்துவிடாது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வரும் வழக்கு ஒன்று இதை விளக்கும். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்கள் ஓர் அடிமையை இத்தகைய நிபந்தனையோடு 800 திர்ஹத்துக்கு விற்றிருந்தார்கள். அவரிடம் சொல்லப்படாத நோய் இருந்ததாக வாங்கியவர் முறையிட்டார். தாம் அறிந்த நோய் எதுவும் இல்லாமலே விற்றதாகச் சத்தியம் செய்யுமாறு கலீஃபா உஸ்மான் (ரழி) தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரழி) சத்தியம் செய்ய மறுத்து அவ்வடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவர் நலமடைந்த பின் 1,500 திர்ஹத்துக்கு விற்றார்கள். நிபந்தனை இருந்தும் உஸ்மான் (ரழி) அவர்களின் கேள்வி, விற்றவருக்குத் தெரிந்திருந்ததா என்பதில்தான் வந்து நின்றது.

விலை குறைவாக இருப்பதே அறிவிப்பாகாதா என்றும் கேட்கப்படுகிறது. ஆகாது. பழைய பொருள் அனைத்தும் விலை குறைந்தவையே. இது முதுமையால் மலிந்ததா, நோயால் மலிந்ததா என்பதை விலை சொல்லாது. கடையில் ஒருமுறை இயக்கிக் காட்டுவதும் போதாது. இந்தக் குறை இன்று ஓடிக்கொண்டிருக்கும் போர்டுக்குள்ளேயே இருப்பது.

வாங்குபவர் பக்கத்துக்கும் வருவோம். குறை உண்டென்று சொல்லப்பட்டு, அறிந்து, அதற்கேற்ற விலை பேசி வாங்கியவர், ஆறு மாதத்தில் போர்டு நின்றுவிட்டது என்று திரும்பக் கொடுக்க வரலாகாது. மறைவான குறைக்காகத் திருப்பித் தரும் உரிமை அறியாதவருக்கு உரியது. ஆனால் "இது சி0 பதிப்பு" என்றோ "சரிசெய்யப்பட்டது" என்றோ சொல்லி விற்கப்பட்டு, அப்படி இல்லையெனத் தெரிந்தால் உரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபினர் தெரிந்தவுடன் தாமதியாது திருப்பிவிட வேண்டும்.

பள்ளிவாசல், மதரஸா நிர்வாகங்களுக்கு மட்டும் கண்டிப்பாக ஒன்று சொல்வோம். தம் சொந்தப் பணத்தில் ஒருவர் இடர்ப்பாட்டை ஏற்பது அவர் விருப்பம். ஜமாஅத்தின் பணம் அமானத். ஜகாத் பெறுவோரின் பட்டியலும் நிக்காஹ் பதிவேடும் சந்தாக் கணக்கும் இருக்கப்போகும் கணினிக்கு, பழுது நீக்கப்படாத இத்தகைய போர்டை விலை மலிவென்று வாங்குவது முதவல்லிக்கோ நிர்வாகக் குழுவுக்கோ தகாது என்பதே நம் கருத்து. ஆயிரங்கள் மிச்சமானதாகக் கணக்கில் தெரியும். ஒரு மின்தடைக்குப் பின் பெட்டி எழாத காலையில், அதற்கு விடை சொல்லவேண்டியவர் தொழில்நுட்பம் தெரிந்த இளைஞராக இருக்கமாட்டார். நன்கொடையாக வந்தாலும் தருபவரிடம் பதிப்பைக் கேட்டறிந்து, தரவுகளுக்கு வேறோர் இடத்தில் நகல் வைத்த பின்னரே பயன்படுத்துக.

விற்கும் சகோதரர்கள் ஒவ்வொரு போர்டின் மேலும் ஒரு சிறு தாளில், இது பழைய பதிப்பா சி0 பதிப்பா, ரெசிஸ்டர் வைக்கப்பட்டதா, வைத்தது யார், எத்தனை ஆண்டு ஓடியது என்று தமிழிலேயே எழுதி ஒட்டட்டும். தெரியாததற்கு நேரே தெரியாது என்று எழுதினால் போதும்.