ஒலுவில்: மணல் கேட்கும் கணக்கு

ஒலுவில் துறைமுகத்தைப் பற்றி அம்பாறைக் கரையில் இரண்டு குரல்கள் உண்டு. கல்முனை, சாய்ந்தமருது ஆழ்கடல் மீனவர்கள், "வாயை அடைத்த மண்ணை அள்ளுங்கள், படகு உள்ளே வரட்டும்" என்கிறார்கள். காணியையும் தென்னையையும் கடலுக்குக் கொடுத்த ஒலுவில்வாசிகள், "முதலில் எங்கள் கரைக்கு வழி சொல்லுங்கள்" என்கிறார்கள். இரு தரப்பும் வீதிக்கு இறங்கியவர்கள். இரு தரப்புக்கும் சோறு போடுவது ஒரே கடல்.

வெளிநாட்டு உதவித் திட்டங்களின் கோப்புகளில் இவர்கள் எல்லோருக்கும் 'பங்குதாரர்' என்று ஒரே பெயர். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

இந்தத் துறைமுகம், மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவு. டென்மார்க் வழி வந்த சுமார் 4 கோடி 60 இலட்சம் யூரோ கடனில், டென்மார்க் நிறுவனமே கட்டியது. 2013 செப்டம்பர் 1ஆம் திகதி திறப்பு விழா நடந்தது. ஆனால் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அலைத்தடுப்புச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து வாயிலையும் அடைத்தது. வடக்கே, ஒலுவிலிலிருந்து நிந்தவூர் வரை, கரை பசித்துக் கரைந்தது.

இது எவரும் அறியாத விந்தையல்ல. 1980களின் இறுதியில் துறைமுகம் கட்டிய புதுச்சேரி, அதன் வடக்கேயிருந்த மணற்கரையை இழந்து கல் கொட்டி நின்றது. மறித்த மணலை ஆண்டுதோறும் அள்ளி வடக்கே சேர்க்க வேண்டும். கட்டுமானத்துக்கு முடிவுத் திகதி உண்டு, மணலுக்கு இல்லை. கடன் கட்டுமானத்தோடு முடிந்துவிடும், அள்ளும் செலவு ஊர் தலையில் விழும்.

கட்டி முடிப்பதோடு திட்டம் முடிவதில்லை. வீட்டுத் திட்டத்திலும் இதே பாடம்தான். சுனாமிக்குப் பின் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியா 500 வீடுகள் கட்டித் தந்தது. யாருக்கு வீடு என்பதை எல்லாச் சமூகங்களோடும் முன்கூட்டிப் பேசித் தீர்க்காததால், விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தன. சுவர் எழும்பியது, குடும்பம் குடியேறவில்லை.

இனி இங்கே வரும் எந்தத் திட்டமும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிய பிறகே அடிக்கல் நாட்டட்டும். இதனால் இழப்பவர் யார், அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டீர்களா? பத்தாம் ஆண்டின் பராமரிப்புக் காசு யார் கையில்? சேதம் வந்தால் நட்டஈடு தருவது யார், எத்தனை நாளில்?

பள்ளிவாசலில் ஒரு கூட்டம், பிரதேச செயலகத்தில் ஒரு வரவுப் பதிவு, ஒரு புகைப்படம் — இதைக் கலந்தாலோசனை என்று எழுதிவிட முடியாது. கல்முனைப் படகுக்காரரும் ஒலுவில் தென்னங்காணிக்காரரும் ஒரே மேசையில் வாதாடட்டும். அந்த வாதம் திட்ட வரைபடத்தின் மீது நடந்திருந்தால், இன்று கடற்கரையில் நடக்க வேண்டியிருக்காது.