யார் கை செய்த துப்பாக்கி?

துணி எடுத்துத் தையற்காரரிடம் கொடுப்பதா, வெட்டி வைத்த துணியாக வாங்கி வீட்டிலேயே தைத்துக்கொள்வதா? சட்டை விஷயத்தில் இந்தக் கேள்வி யாருடைய தூக்கத்தையும் கெடுக்காது. அமெரிக்காவில் முதல் முறையாகத் தனக்கென்று ஒரு பிஸ்டல் செய்துகொள்ள நினைப்பவரின் முன்னால் நிற்பதும் ஏறக்குறைய இதே கேள்விதான். பெயர் பெற்ற கைவினைஞரிடம் ஆர்டர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கலாம். அல்லது பாதி முடிந்த பாகங்களைத் தொகுப்பாக வாங்கி, மீதி வேலையைத் தானே செய்துகொள்ளலாம். ஆனால் இங்கே தையல் பிரிந்தால் போவது உயிர். 2025 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து யோசிக்க வேண்டி வந்த விவகாரத்துக்கும் இந்தக் கேள்விக்கும் நெருங்கிய உறவு உண்டு.

கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் துப்பாக்கிக்கு அங்கே பஞ்சமில்லை. பிறகு எதற்கு அளவெடுத்துச் செய்யும் துப்பாக்கி? இதற்கு விடை ஒரு பழைய பிஸ்டலின் வரலாற்றில் இருக்கிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, கோல்ட் கம்பெனி தயாரித்து, 1911 மார்ச் 29 அன்று அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்தத் துப்பாக்கிக்கு ஆண்டே பெயராகிவிட்டது: '1911'. ஏற்பதற்கு முன் நடந்த சோதனையில் 6,000 குண்டுகள் சுட்டார்கள். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. 1985-இல் பெரேட்டாவுக்கு மாறும்வரை அமெரிக்கச் சிப்பாயின் இடுப்பில் இருந்தது இதுதான். காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால் இன்று அதைப் பல கம்பெனிகள் செய்கின்றன.

ராணுவத்துக்கு ஒரு தேவை இருந்தது. பத்துத் துப்பாக்கிகளைப் பிரித்துப் பாகங்களைக் கலந்து போட்டாலும் திரும்பப் பூட்டினால் பத்தும் சுட வேண்டும். எந்தப் பாகமும் எதிலும் பொருந்த வேண்டுமென்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் ஆட்டம் விட்டுத்தான் ஆகவேண்டும். சேற்றிலும் மணலிலும் அந்த ஆட்டம் வரமாக இருந்தது. ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் 50 கஜ தூரத்தில் குறி பார்த்துச் சுடும் போட்டியாளருக்கோ அதுவே சாபம். ஸ்லைடு ஒவ்வொரு முறையும் மயிரிழை விலகி உட்கார்ந்தால் குண்டு இலக்கில் அங்குலக் கணக்கில் விலகும்.

இந்த இடத்தில்தான் 'கன்ஸ்மித்' என்ற கைவினைஞர் உள்ளே வந்தார். ஸ்லைடும் ஃபிரேமும் உரசும் இடங்களை இறுக்கினார். சற்றுப் பெரிதாகச் செய்யப்பட்ட குழலை வாங்கி, அரத்தால் ராவி ராவி அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும் பொருந்தும்படி உட்கார வைத்தார். தொழிற்சாலை எதற்காகப் பாடுபட்டதோ அதற்கு நேர் எதிர்த்திசையில் நடப்பதுதான் இவருடைய தொழில். இவர் செய்த துப்பாக்கியின் குழலைக் கழற்றி இன்னொன்றில் போட்டால் பொருந்தாது. அப்படிப் பொருந்தாமல் இருப்பதற்குத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

தொழில் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு சான்று. இத்துறையில் பெரிய பெயரான பில் வில்சன் கடிகாரத் தொழில் கற்றவர். ஆர்க்கன்சா மாநிலத்தின் பெர்ரிவில் என்ற சிற்றூரில், குடும்ப நகைக்கடையின் பின்பக்கத்தில், 1977-இல் துப்பாக்கிப் பட்டறையைத் தொடங்கினார். அதே ஊரில் 2004-இல் பிறந்த நைட்ஹாக் கம்பெனியின் கொள்கை 'ஒரு துப்பாக்கி, ஒரு கைவினைஞர்'. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே ஆள்தான் அதைச் செய்வார். செய்தவரின் பெயரெழுத்துகள் கைப்பிடித் தகட்டுக்கு அடியில் பொறிக்கப்படும். வெளியே தெரியாது. தகட்டைக் கழற்றினால் தெரியும்.

இப்படிப்பட்டவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? விலையை வைத்து முடிவு செய்ய முடியாது. மூவாயிரம், நாலாயிரம் டாலர் என்று தொடங்கி அதற்கு மேலும் ஏறுவது இங்கே சாதாரணம். பளபளப்பை வைத்தும் முடியாது. பத்திரிகைப் படத்தில் எல்லாத் துப்பாக்கியும் அழகுதான். இந்தத் துறையில் ஊறியவர்கள் முதலில் கேட்கச் சொல்வது வாங்குபவரிடமே ஒரு கேள்வி: எதற்கு? இலக்குப் போட்டிக்கு இறுக்கிய துப்பாக்கி கொஞ்சம் தூசு பட்டாலும் முரண்டு பிடிக்கலாம். தற்காப்புக்கு வைத்திருப்பவருக்கு அரை அங்குலத் துல்லியத்தைவிட ஒவ்வொரு முறையும் சுடும் என்ற உறுதிதான் பெரிது. நல்ல கைவினைஞர் இந்தக் கேள்வியைத் தாமே கேட்பார். கேட்காமல் விலைப்பட்டியலை மட்டும் நீட்டினால் வேறு பட்டறை பார்ப்பது நல்லது.

அடுத்து, அவர் செய்து கொடுத்து ஐந்து, பத்து ஆண்டுகளான துப்பாக்கியை வைத்திருப்பவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். புதிதாக வாங்கியவர் குறை சொல்ல மாட்டார். பல ஆயிரம் டாலர் கொடுத்த கை, வாயை மூடிவிடும். சில ஆயிரம் குண்டுகள் சுட்டபின் எது தேய்ந்தது, திருப்பி அனுப்பியபோது என்ன பதில் வந்தது என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. என்னென்ன வேலை, எந்தெந்தப் பாகம், எந்த வகைக் குண்டால் சோதிக்கப்படும், எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். காத்திருப்பு நீளமாக இருப்பது குற்றமில்லை. நாள் கடந்தும் காரணம் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம்.

இனி, பாதி முடிந்த தொகுப்பு. இதில் நேர்மையான வகை ஒன்று உண்டு. வெர்மான்ட் மாநிலத்தின் காஸ்பியன் ஆர்ம்ஸ் போன்ற கம்பெனிகள் ஃபிரேம், ஸ்லைடு ஆகியவற்றைத் தனியாக விற்கின்றன. அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் குழலும் விசையும் வெறும் உதிரி. ஃபிரேம் மட்டும் தனியாக இருந்தாலும் துப்பாக்கிதான். அதில் வரிசை எண் இருக்கும். உரிமம் பெற்ற வியாபாரி வழியாக, படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகே கைக்கு வரும். மற்ற பாகங்களை வாங்கி வீட்டு மேஜையில் வைத்துப் பூட்டலாம். சில மாநிலங்கள் இதற்கு மேலும் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

பணம் மிச்சமாகும் என்று நினைத்து இதில் இறங்குபவர் ஏமாந்து போவார். நல்ல அரம், அளவுக் கருவி, ஒவ்வொரு பாகத்தையும் பிடித்து வைக்கும் பிரத்தியேகச் சாதனங்கள் என்று வாங்கி முடிக்கும்போது மிச்சம் காணாமல் போயிருக்கும். முதல் முயற்சியில் ஒரு பாகமாவது பாழாகும். ராவிய இரும்பை மறுபடி ஒட்ட வைக்க முடியாது. இந்த வழியில் உண்மையான லாபம் கல்விதான். தன் கையால் பொருத்தியவனுக்குத் துப்பாக்கியின் ஒவ்வொரு அசைவும் புரியும்.

ஆனால் அந்தக் கல்விக்கு எல்லை வைக்க வேண்டும். கைப்பிடி, காட்சிக்குறி போன்றவற்றில் தவறினால் அசௌகரியத்தோடு போகும். சுத்தியலும் அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கியும் சந்திக்கும் இடம் அப்படியல்ல. பாதுகாப்புப் பூட்டும் அதே கணக்குதான். அங்கே தவறினால் விசையைத் தொடாமலே வெடிக்கலாம். ஒரு முறை அழுத்த இரண்டு மூன்று குண்டு பாயலாம். ஒரே அழுத்தலில் பல குண்டு சுடும் துப்பாக்கி சட்டப்படி இயந்திரத் துப்பாக்கி என்பதால் சிறையும் அருகில்தான். முதல் தடவைக்காரர் இந்தப் பகுதியைத் தேர்ந்த கைவினைஞரிடம் விட்டுவிட வேண்டும். அல்லது கொலராடோவின் ட்ரினிடாட் கல்லூரி போல இத்தொழிலுக்கென்றே பாடம் நடத்தும் இடத்தில், ஆசிரியரின் கண்பார்வையில் செய்ய வேண்டும்.

'தொகுப்பு' என்ற அதே பெயரைப் போட்டுக்கொண்டு வந்த இன்னொரு சரக்கு உண்டு. வேண்டுமென்றே ஃபிரேமைக் கொஞ்சம் முடிக்காமல் விட்டு, "இது இன்னும் துப்பாக்கி ஆகவில்லை" என்று சொல்லி விற்றார்கள். வரிசை எண் கிடையாது. பின்னணிச் சோதனை கிடையாது. முன்பின் பழக்கமில்லாத ஒருவர் சாதாரணக் கருவிகளோடு 21 நிமிடத்தில் ஒன்றை முடித்துவிட்டதை நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. குற்ற விசாரணைகளில் கிடைத்து, மூலம் கண்டுபிடிக்க மத்திய அரசுக்கு அனுப்பப்பட்ட இத்தகைய 'பேய்த் துப்பாக்கிகள்' 2017-இல் சுமார் 1,600. 2021-இல் 19,000-க்கும் மேல். அதே 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலைகள்.

2022-இல் அரசு விதி கொண்டுவந்தது: இந்தத் தொகுப்புகளும் துப்பாக்கியே, எண் போடு, சோதனை செய். விற்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் விதியை நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி நீல் கோர்சச் இலக்கண வகுப்பே நடத்தியிருக்கிறார். எழுதி முடிக்காத கையெழுத்துப் பிரதியையும் நாவல் என்கிறோம்; இன்னும் பூட்டாத பலகைகளையும் மேஜை என்கிறோம். அதுபோலத்தான் இதுவும் என்பது அவர் வாதம்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. இரண்டாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் முதலாவது 'ஆக்கல்'. குயவர் குடத்தை வனைகிறார் என்கிறோம். சக்கரத்தில் சுழல்வது இன்னும் மண்தான். ஆனாலும் செய்பவரின் நோக்கத்தில் அது குடமாகிவிட்டது. மொழியும் அவர் பக்கம் நிற்கிறது. துப்பாக்கி ஆக்குவதற்கென்றே விற்ற பொருளைத் துப்பாக்கி இல்லை என்று வாதிட்டவர்கள் சட்டத்தோடு மட்டுமா மோதினார்கள்? மனிதர் பேசும் வழக்கோடும் மோதினார்கள்.

நம் நாட்டில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது ஏழாண்டுச் சிறை. ஆயுள் வரை போகலாம். ஆனால் கைத்திறன் இங்கேயும் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் வங்காள நவாப் மீர் காசிம் தலைநகரை மாற்றி ஆயுதப் பட்டறைகள் அமைத்த பீகாரின் முங்கேரில், உரிமத்தோடு வேட்டைத் துப்பாக்கி செய்யும் கூடங்கள் உண்டு. ஒளித்து வைத்துக் 'கட்டா' செய்யும் பட்டறைகளும் அதே ஊரில் அடிக்கடி பிடிபடுகின்றன. அரம் ஒன்றுதான், விரல் ஒன்றுதான். ஒன்றில் எண்ணும் பெயரும் உண்டு. மற்றதில் கிடையாது. வெடித்துச் சுட்டவனின் கையே போனாலும், குண்டு யார்மீது பாய்ந்தாலும், கேட்பதற்கு ஆளில்லை.

ஆகவே அமெரிக்காவில் இருந்துகொண்டு முதல் பிஸ்டலுக்கு வழி தேடுபவர் விலை, அழகு, துல்லியம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். முதல் தடவைக்குக் கைவினைஞரின் பட்டறையே உத்தமம் என்பது என் கட்சி. கற்றுக்கொள்ளும் ஆசை மிகுந்தவர் எண் பொறித்த ஃபிரேமையும் ஆசிரியர் ஒருவரையும் சேர்த்தே தேடட்டும். எந்த வழியானாலும் பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுவது நல்லது: நாளைக்கு இந்தத் துப்பாக்கியால் ஏதாவது நடந்தால், இதைச் செய்தது நான்தான் என்று சொல்ல யார் வருவார்? அதற்குப் பதில் கிடைக்காத பட்டறையிலும் கடையிலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்க வேண்டாம்.