மூன்று லட்சமா, மூன்றாயிரமா? சமுதாயம் கேட்காமல் விட்ட கேள்வி

குடியுரிமை இல்லாத இந்தியர்கள் மலேசியாவில் எத்தனை பேர்? கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு மூன்று விதமான பதில்கள் வந்துள்ளன. மூன்றையும் நம்பியவர்கள் உண்டு. யார் எதை நம்பினார்கள் என்பது பெரும்பாலும் அவர்கள் எந்தக் கட்சியின் பக்கம் நின்றார்கள் என்பதைப் பொறுத்தே இருந்தது.

2013 பொதுத்தேர்தலுக்கு முன்பு எதிர்க்கட்சி மேடைகளில் ஒலித்த எண் 3 லட்சம். 2018 தேர்தலில் பக்காத்தான் ஹராப்பான், ஆட்சிக்கு வந்த 100 நாட்களில் இந்தியர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்ப்பதாக வாக்குறுதி தந்தது. ஆட்சி மாறியது. அதன் பிறகு அரசாங்கம் வெளியிட்ட எண் வேறு: சிவப்பு அடையாள அட்டையுடன் வாழும், 60 வயதைத் தாண்டிய இந்தியர்கள் சுமார் 3,400 பேர். இடைப்பட்ட காலத்தில், தீபகற்ப மலேசியாவில் களப்பணி செய்த அரசு சாரா அமைப்பு ஒன்றின் கணக்கை ஒட்டி ஐ.நா. அகதிகள் ஆணையம் குறிப்பிட்ட எண் ஏறக்குறைய 12,000. அவர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர்.

மூன்று லட்சத்திற்கும் மூவாயிரத்திற்கும் இடையே நூறு மடங்கு வித்தியாசம். ஆயினும், "எப்படி எண்ணினீர்கள்?" என்ற கேள்வி மேடைக்குக் கீழே இருந்து எழவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

நாட்டில் உள்ள இந்தியர்கள் சுமார் 20 லட்சம் பேர். அதில் 3 லட்சம் பேருக்குக் குடியுரிமை இல்லையென்றால், ஏழு பேரில் ஒருவருக்கு இல்லை என்று பொருள். 350 பேர் வந்திருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் 50 பேர் நீல அடையாள அட்டை இல்லாதவர்களாக இருக்க வேண்டும். தோட்டத்திலோ தாமானிலோ வாழும் எவரும் தம் உறவையும் அக்கம்பக்கத்தையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்திருந்தால், இந்த எண்ணின் மேல் ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். அதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை.

அதற்காக, அரசாங்கம் சொன்ன சிறிய எண்தான் முழு உண்மை என்றும் ஆகிவிடாது. சுமார் 3,400 என்பது ஒரு வயதைத் தாண்டிய, ஒரு வகை அட்டை வைத்திருப்பவர்களின் கணக்கு. பச்சை நிற மைகாஸ் அட்டையுடன் இருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள். பிறப்புப் பத்திரமே எடுக்காத பிள்ளைகளும் வரமாட்டார்கள். தேசியப் பதிவிலாகாவின் முகப்பு வரைக்கும் போகாதவர் எந்த அரசாங்கக் கணக்கிலும் இருக்கமாட்டார்.

ஆக, மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு கூட்டத்தைப் பற்றியவை. இந்த வேறுபாடு கவனிக்கப்படவில்லை. ஒரு தரப்பு, "மூன்று லட்சம் பேரை ம.இ.கா. கைவிட்டது" என்றது. மறு தரப்பு, "எல்லாம் புளுகு, அப்படி ஒரு பிரச்சினையே இல்லை" என்றது. இந்த இரண்டுக்கும் நடுவில், பள்ளியில் சேர அலைந்த பிள்ளையும், அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கான கட்டணம் கட்டிய தாயும் காணாமல் போனார்கள். பெரிய எண் பொய் என்று தெரிந்தபோது, உண்மையாகவே பாதிக்கப்பட்டவர்களின் குரலும் சேர்ந்தே மதிப்பிழந்தது.

மக்கள் சிந்திக்காதவர்களா?

இல்லை என்பதற்கு 2008 மார்ச் 8 சான்று. அப்போது நாளிதழ்களின் உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய நிலை. 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் அந்த அதிகாரத்தை உள்துறை அமைச்சிடம் வைத்திருந்தது. உத்துசான் மலேசியாவில் அம்னோவுக்கும், தி ஸ்டாரில் ம.சீ.ச.வுக்கும் பங்கு இருந்தது. அரசாங்கத் தொலைக்காட்சி ஒரு பக்கக் கதையையே சொன்னது. அத்தனைக்கும் நடுவில், 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியைக் கையில் வைத்திருந்த ம.இ.கா. தலைவர் டத்தோஸ்ரீ சாமிவேலுவை அத்தொகுதி மக்கள் தோற்கடித்தார்கள். தேசிய முன்னணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் சொன்னதை அப்படியே நம்பியிருந்தால் அந்த முடிவு வந்திருக்காது.

மக்கள் அன்று நம்பியது தங்கள் அனுபவத்தை. உடைக்கப்பட்ட கோயில்களை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை விட்டு வெளியேறிய வலி அவர்களுடையது. 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணியில் கண்ணீர்ப்புகை பட்டவர்கள் அவர்களின் பிள்ளைகள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பழைய தலைவர்களிடமிருந்து நம்பிக்கையை எடுத்தவர்கள், அதை அப்படியே புதிய தலைவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அன்றைய பத்திரிகையைச் சந்தேகித்தவர்கள், இன்று புலனத்தில் வரும் செய்தியைச் சந்தேகிப்பதில்லை. கட்சி மாறி ஓட்டுப் போடுவது துணிச்சல்தான். ஆனால் நம்பும் ஆளை மாற்றிக்கொள்வது மட்டுமே சுயசிந்தனை ஆகிவிடாது.

தோட்டத்து வழக்கம்

இந்தப் பழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத்தில் வெளியுலகச் செய்தி பெரும்பாலும் யாராவது ஒருவர் வழியாகத்தான் வந்தது. கிராணி சொன்னார், தண்டல் சொன்னார், சங்கத் தலைவர் சொன்னார். பாரம் நிரப்பத் தெரியாத தொழிலாளிக்கு, தெரிந்தவரை நம்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. சுதந்திரத்திற்குப் பிறகு குடியுரிமைக்கு மனுச் செய்யாமல் போனவர்களில் பலர், அது ஏன் தேவை என்று எவரும் விளக்கிச் சொல்லாததால் விட்டவர்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தங்கியவர்களில் ஒரு பகுதியினரின் கையில் இருப்பதுதான் இன்றைய சிவப்பு அட்டை.

அன்று நம்பிச் சார்ந்திருந்தது அறியாமையால் மட்டும் அல்ல, நிர்ப்பந்தத்தால். இன்று அந்த நிர்ப்பந்தம் குறைந்துவிட்டது. பழக்கம் மட்டும் குறையவில்லை.

செய்தியின் மறுபாதி

2024 அக்டோபர் 17 அன்று மக்களவை, குடியுரிமை தொடர்பான அரசியலமைப்புத் திருத்தத்தை மூன்றில் இரண்டுக்கும் மேற்பட்ட ஆதரவுடன் ஏற்றுக்கொண்டது. மலேசியத் தாய்மார்களுக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகள் இனி இயல்பாகவே குடிமக்கள் ஆவார்கள் என்பதே அன்றைய தலைப்புச் செய்தி. அது உண்மை. நெடுங்காலம் போராடிய தாய்மார்களுக்குக் கிடைத்த நியாயமான வெற்றி.

அதே திருத்தத்தில் இன்னொரு பகுதியும் இருந்தது. இந்நாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாயோ தகப்பனோ நிரந்தர வசிப்பிடத் தகுதி பெற்றவராக இருந்தாலே இதுவரை குடியுரிமை கிடைத்து வந்தது. அந்த வழியை இத்திருத்தம் அகற்றுகிறது. அப்பிள்ளைகள் மனுச் செய்து பெறலாம் என்பது அரசாங்கத்தின் விளக்கம். ஆனால் பிள்ளைகள் மனுச் செய்வதற்கான வயது வரம்பும் 21-லிருந்து 18-க்கு இறக்கப்படுகிறது.

சிவப்பு அட்டை வைத்திருக்கும் தாய், நீல அட்டை வைத்திருக்கும் தகப்பன், கோயிலில் தாலி கட்டியும் பதிவு செய்யாத திருமணம். இப்படியொரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பதிவில்லாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளை, சட்டப்படி தாயின் தகுதியையே பெறும். இதுவரை தாயின் சிவப்பு அட்டை அப்பிள்ளையைக் காப்பாற்றியது. திருத்தம் நடப்புக்கு வந்தபின் பிறக்கும் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. திருமணத்தைப் பதிவு செய்திருந்தால் தகப்பன் வழியில் பிள்ளை குடிமகன்.

ஊடகங்கள் இதை மறைக்கவில்லை. பல செய்திகளில் இது கீழ்ப்பத்திகளில் இருந்தது. பகிரப்பட்டதென்னவோ தலைப்பு மட்டும். தலைப்பை மட்டும் படித்தவர் நல்ல செய்தி என்று மகிழ்ந்தார். முழுவதும் படித்தவர், தம் மகளின் திருமணம் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டிருப்பார்.

யார் சரிபார்ப்பது?

பொய்ச் செய்தியைத் தடுக்க 2018 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரைக்கும், சிறை ஆறாண்டு வரைக்கும். அடுத்து வந்த அரசாங்கம் 2019-இல் அதை மீட்டுக்கொண்டது. 2021 அவசரகாலத்தில் அதே சாயலில் ஓர் அவசரச் சட்டம் மீண்டும் வந்தது. செய்தியைச் சரிபார்க்க, தொடர்பு பல்லூடக ஆணையத்தின் 'செபெனார்ஞா' இணையத்தளம் 2017 முதல் இருக்கிறது. போலி மருத்துவக் குறிப்புக்கும் ஆள் கடத்தல் வதந்திக்கும் அது பயன்படும். அரசாங்கத்தின் வாக்குறுதியையும் எதிர்க்கட்சியின் எண்ணையும் சரிபார்க்கும் வேலை வாக்காளரிடமே இருக்கிறது.

அந்த வேலை கடினமானதல்ல. எந்த எண் வந்தாலும் மூன்றைக் கேட்கலாம். யாரை எண்ணினார்கள்? யார் எண்ணினார்கள்? இந்த எண் பெரிதாக அல்லது சிறிதாக இருந்தால் யாருக்கு லாபம்? பதில் தெரியாவிட்டால், அடுத்த குழுவுக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லாரையும் சந்தேகிப்பதும் தீர்வாகாது. "எல்லா அரசியல்வாதியும் ஒன்றுதான், எல்லாப் பத்திரிகையும் பொய்தான்" என்று ஒதுங்குபவரை ஏமாற்றுவது இன்னும் சுலபம். அவர் எதையும் கேட்கப் போவதில்லை.

நாடாளுமன்ற உறுப்பினர் எவரும் உள்துறை அமைச்சிடம் எழுத்துப்பூர்வமாகக் கேள்வி எழுப்பலாம். சிவப்பு அட்டை எத்தனை, பச்சை அட்டை எத்தனை, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் எத்தனை, எத்தனை மனுக்கள் நிலுவையில் உள்ளன என்று வகை பிரித்து அவர் பதில் பெறலாம். அதைக் கேட்கும்படி தொகுதி மக்கள் வற்புறுத்தலாம். அடுத்த தேர்தலில் இன்னொரு பெரிய எண் மேடையேறுவதற்கு முன்பு அந்தப் பதில் கையில் இருந்தால், கைதட்டுவதா கேள்வி கேட்பதா என்பதை மக்களே முடிவு செய்துகொள்வார்கள்.